அப்பாவோட மிலிட்டரி கார்டைத் தூக்கிப் போடச் சொல்லும் மகன்களுக்கு

கொல்லையில இன்னும் ஈரம் காயல. மல்லாட்டை போட ஒரு வாரம் ஆகும். அதனால இந்த வாரம் பயிர் பத்தி எழுதாம, ரெண்டு மாசமா மனசை உறுத்திக்கிட்டு இருக்கிற ஒரு விஷயத்தை எழுதுறேன். இதைப் படிக்கிறவங்கள்ல நிறைய பேர் சென்னை, பெங்களூர், கோயம்புத்தூர்ல வேலை பார்க்கிறவங்க. அதுல சில பேருக்கு அப்பா பட்டாளத்துல இருந்து ரிட்டயர் ஆகி ஊர்ல இருப்பார். உங்களைத்தான் திட்டப் போறேன். கோவிச்சுக்காம கடைசி வரைக்கும் படிங்க.

எங்க தெருவுல ஒருத்தர் இருக்கார். ஹவில்தார் அண்ணன்னுதான் எல்லாரும் கூப்பிடுவோம். 24 வருஷம் சர்வீஸ். 2001ல ரிட்டயர் ஆகி வந்து, கொஞ்ச வருஷம் புதுச்சேரியில ஒரு கம்பெனி கேட்டுல செக்யூரிட்டியா நின்னார். இப்ப 68 வயசு. சர்க்கரை இருக்கு, தினம் இன்சுலின் போடணும். அண்ணிக்கு பிரஷரும் முட்டி வலியும். பையன் பெங்களூர்ல சாஃப்ட்வேர் வேலை. நல்ல பையன், மாசம் தவறாம பணம் அனுப்புறவன். அதையும் சொல்லிடணும்.

அண்ணன்கிட்ட இருந்தது பழைய ஈ.சி.எச்.எஸ். கார்டு. அது செல்லாது, 64 கே.பி. ஸ்மார்ட் கார்டுக்கு ஆன்லைன்ல மனு போடுங்கன்னு சொல்லிட்டாங்க. மனு போட உட்கார்ந்தா அண்ணி பேர் பென்ஷன் பேப்பர்ல ஒரு மாதிரி, ஆதார்ல வேற மாதிரி. இதைக் கேட்ட பையன் போன்ல சொல்றான், "எதுக்குப்பா அந்தக் கார்டுக்கு அலையறீங்க? கவர்மென்ட் ஸ்கீமை நம்பி யாராவது உயிரை வெப்பாங்களா? நான் ரெண்டு பேருக்கும் பத்து லட்சத்துக்கு நல்ல பாலிசி எடுத்துடறேன். விட்டுத் தள்ளுங்க." அண்ணனும் அரை மனசா சரின்னுட்டார். கேட்டதுல இருந்து எனக்கு வயித்தெரிச்சல்.

வெளியூர் ஆட்களுக்கு ஈ.சி.எச்.எஸ்.னா என்னன்னு தெரியாம இருக்கலாம். முன்னாள் படைவீரர்களுக்கான பங்களிப்பு மருத்துவத் திட்டம். 2003 ஏப்ரல் 1ந் தேதி ஆரம்பிச்சது. அதுக்கு முன்னாடி ரிட்டயர் ஆன சிப்பாய்க்கு உடம்பு சரியில்லைன்னா மிலிட்டரி ஆஸ்பத்திரிதான். எங்க ஊர்ல இருந்து அதுக்கு சென்னை பரங்கிமலைக்குப் போகணும். காய்ச்சலுக்கு யார் அங்க போவாங்க? பென்ஷனோட சேர்த்து மாசம் நூறு ரூபாய் மருத்துவப்படின்னு கொடுத்தாங்க, அதுல மாத்திரை வாங்கி முழுங்கினாங்க. திட்டம் வந்த பிறகு ஊர் ஊருக்கு பாலிகிளினிக் வந்தது. அங்க டாக்டர் பார்ப்பார், மாசத்துக்கான மருந்து தருவாங்க, பெரிய வியாதின்னா சீட்டு எழுதி ஒப்பந்தம் போட்ட தனியார் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க. அந்த பில்லை அரசாங்கம் கட்டும்.

இதுக்கு ஆயுசுக்கு ஒரே ஒரு தடவைதான் பணம். ஆரம்பத்துல பென்ஷன் அளவைப் பொறுத்து 1,800 ரூபாய்ல இருந்து 18,000 வரைக்கும் வெச்சிருந்தாங்க. ஹவில்தார் அண்ணன் கட்டினது 1,800. 2017 கடைசியில அதை மாத்தி, இப்ப ஹவில்தார் வரைக்கும் உள்ளவங்களுக்கு 30,000, சுபேதார் வகையறாவுக்கு 67,000, ஆபீசர்னா 1,20,000. சேர்ந்தவங்களுக்கு மாசாந்திர மருத்துவப்படி கிடையாது. அது இப்ப ஆயிரம் ரூபாய். அதையும் செலவாக் கணக்குல வெச்சுக்கங்க, ஒளிக்க ஒண்ணும் இல்ல.

அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்குதுன்னு பாருங்க. இவ்வளவு லட்சம்தான்னு உச்சவரம்பு இல்ல. வயசு இத்தனைக்கு மேல சேர்க்க மாட்டோம்னு இல்ல. உனக்கு ஏற்கெனவே சர்க்கரை இருக்கே, மூணு வருஷம் பொறுன்னு யாரும் சொல்றதில்ல. மாசாமாசம் இன்சுலின், பிரஷர் மாத்திரை எல்லாம் இதுலயே அடக்கம். வீட்டுக்காரர் போயிட்டாலும் குடும்ப பென்ஷன் வாங்கற அந்த அம்மாவுக்கு இந்தக் கார்டு தொடரும். ஒரு தம்பிடி திரும்பக் கட்ட வேண்டாம். எங்க பக்கம் வயசான வீடுகள்ல பாதிக்குப் பாதி ஆம்பளை முன்னாடி போயிடறான், பொம்பளை பத்துப் பதினஞ்சு வருஷம் தனியா இருக்கா. அவளோட அந்த வருஷங்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம்னு பெங்களூர்ல உட்கார்ந்து யோசிச்சுப் பாருங்க.

இப்ப பையன் எடுக்கிறேன்னு சொல்ற பாலிசி. ஏஜென்ட் அனுப்பின கணக்குப்படி ரெண்டு பேருக்கும் சேர்த்து வருஷத்துக்கு அறுபதாயிரம். நான் பத்தாவது வரைக்கும் படிச்சவன், வட்டிக்கணக்கு நல்லா வரும். மூத்த குடிமக்களுக்கு வருஷத்துல பத்து சதவீதத்துக்கு மேல ஏத்தறதுன்னா முன்கூட்டி எங்ககிட்ட பேசணும்னு இன்சூரன்ஸ் ஆணையம் 2025 ஜனவரியில கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டிருக்கு. நல்ல உத்தரவுதான். ஆனா அந்தப் பத்து சதவீதத்தையே வருஷா வருஷம் ஏத்தினா என்ன ஆகும்? பத்தாவது வருஷம் பிரீமியம் ஒரு லட்சத்து நாப்பதாயிரத்தைத் தாண்டும். பத்து வருஷத்துல மொத்தம் ஒன்பதரை லட்சம் கட்டியிருப்பான். அப்ப அண்ணனுக்கு 78 வயசு. உண்மையான செலவே அப்புறம்தான் ஆரம்பிக்கும்.

2025 செப்டம்பர் 22ல இருந்து தனிநபர் மெடிக்கல் பாலிசிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யை எடுத்துட்டாங்க. 65 வயசுக்கு மேல பாலிசி கேட்டா கதவைச் சாத்துற வழக்கமும் 2024ல போச்சு. ஏற்கெனவே இருக்கிற வியாதிக்குக் காத்திருக்கிற காலம் நாலு வருஷம்னு இருந்ததை அதிகபட்சம் மூணுன்னு குறைச்சிருக்காங்க. இதெல்லாம் வரவேற்க வேண்டிய விஷயம்தான், யார் செஞ்சாலும் நல்லதுதான். ஆனா அந்த மூணு வருஷம் அண்ணனுக்கு 68ல இருந்து 71. சர்க்கரைக்காரனுக்கு கால் புண்ணும் கிட்னியும் அது வரைக்கும் பொறுமையா வரிசையில நிக்குமா? கண்புரை, முட்டி மாத்துறதுன்னு சில ஆபரேஷனுக்குத் தனியா ஒரு காத்திருப்பு வேற. அண்ணிக்குத் தேவையே முட்டிதான்.

சாதாரண பாலிசியில பெட்டுல படுத்தாத்தான் பணம். மாசம் வாங்குற இன்சுலினுக்கு, டாக்டர் பீஸுக்குக் கிடையாது. அதுக்கு மேல ரூம் வாடகைன்னு ஒரு கண்ணி பல பாலிசியில இருக்கு. அஞ்சு லட்சம் பாலிசின்னா ஒரு நாள் ரூமுக்கு ஒரு சதவீதம், அதாவது ஐயாயிரம். ஆத்திர அவசரத்துல பத்தாயிரம் ரூபாய் ரூம்ல சேர்த்துட்டீங்கன்னா, அந்த மிச்ச ஐயாயிரம் மட்டும்தான் நம்ம கையை விட்டுப் போகும்னு நினைப்பீங்க. இல்ல. டாக்டர் பீஸ், ஆபரேஷன் தியேட்டர்னு ரூமை ஒட்டி வர்ற செலவையெல்லாம் அதே கணக்குல பாதியா வெட்டுவாங்க. மருந்துக்கும் டெஸ்ட்டுக்கும் வெட்டக் கூடாதுன்னு விதி இருக்கு, அது ஒரு புண்ணியம். அறுபது தாண்டினவங்க பாலிசியில பில்லுல இத்தனை சதவீதம் நீ போடுன்னு கோ-பே வேற இருக்கும். பாலிசி வாங்கறதுக்கு முன்னாடி இதையெல்லாம் படிச்சவங்க எத்தனை பேர்? உங்க கம்பெனி கொடுத்த குரூப் பாலிசியில ஒரு தடவை சுலபமா கிளைம் ஆனதை வெச்சுக்கிட்டு, அப்பா வயசுக்கும் அப்படியே நடக்கும்னு நினைக்கிறீங்க.

இன்சூரன்ஸ்னா என்னன்னு விவசாயிக்குச் சொல்லித் தர வேண்டாம். சம்பா நெல்லுக்கு வருஷா வருஷம் பிரீமியம் கட்டறோம், காப்பீட்டுத் தொகையில ஒன்றரை சதவீதம். 2024 நவம்பர் 30ந் தேதி ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையிலதான் ஏறிச்சு. மயிலத்துல ஒரே நாள்ல 50 சென்டிமீட்டருக்கு மேல கொட்டினது. கழனி எது, ஏரி எதுன்னு தெரியல. ஆனா பயிர்க் காப்பீட்டுல மகசூல் நஷ்டம்னா உன் கழனியை மட்டும் பார்க்க மாட்டாங்க. ஊர்ல சில இடத்துல அறுவடை சோதனை போட்டு மொத்த ஊருக்கும் சராசரி எடுப்பாங்க. அந்த சராசரி குறைஞ்சாத்தான் உனக்குப் பணம். திட்டம் கெட்டதுன்னு சொல்லல. எவ்வளவு முழுகினதுன்னு நாம பார்ப்போம், எந்த விதியில வருதுன்னு அவங்க பார்ப்பாங்க, அவ்வளவுதான். உடம்புக்கு எடுக்கிற பாலிசியும் அதே ஜாதிதான்.

இன்னொண்ணு கேட்கிறேன், மனசுல வெச்சுக்காதீங்க தம்பி. அப்பாவோட பிரீமியத்தை நீங்க கட்டுவீங்க, சரி. உங்க வேலைக்கு யார் பாலிசி எழுதிக் கொடுத்திருக்காங்க? ஐடி கம்பெனியில ஒரே நாள் மெயில்ல ஆயிரக்கணக்கான பேரை வீட்டுக்கு அனுப்பறதை நீங்கதான் எனக்குச் சொன்னீங்க. அந்த வருஷம் வீட்டு லோன் கட்டுவீங்களா, பிள்ளை ஸ்கூல் பீஸ் கட்டுவீங்களா, ஒரு லட்சம் பிரீமியம் கட்டுவீங்களா? கெடு தாண்டினா பாலிசி போச்சு. அப்பாவோட கார்டு உங்க சம்பளத்தை நம்பி இல்ல. அவரோட சர்வீஸை நம்பி இருக்கு.

ஏஜென்ட் எங்க வர்றான்னு கவனிச்சிருக்கீங்களா? நவம்பர்ல பென்ஷன்காரங்க லைஃப் சர்டிபிகேட் கொடுக்கப் போற இடத்துல வர்றான். எங்களுக்குக் கிழக்கே மரக்காணம் உப்பளத்துல வெயில்ல கண்ணு கூச, உப்புத் தண்ணியில கால் வெடிச்சு வேலை செய்யறவங்க இருக்காங்களே, அவங்ககிட்ட ஒருத்தனும் பையைத் தூக்கிக்கிட்டுப் போனதை நான் பார்த்ததில்ல. அவங்களுக்கு இருக்கறது ஆரம்ப சுகாதார நிலையமும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும்தான். மாசம் தவறாம பேங்க்ல விழற பென்ஷன் எங்க இருக்கோ அங்கதான் பாலிசிக்கு அக்கறை.

சரி, கார்டு பக்கம் எல்லாம் ஒழுங்கான்னு கேட்டா, இல்ல. அதைச் சொல்லாம விட்டா நான் அரசாங்கத்துக்கு ஜால்ரா போடறவன் ஆயிடுவேன்.

போன வருஷம் அண்ணனுக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சு நானும் கூட ஓடினேன். ஒப்பந்தத்துல இருக்கிற ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பேர் வேண்டாம். கவுன்டர்ல கார்டைப் பார்த்ததும் "பெட் காலி இல்ல சார்"னு ஒரு பொண்ணு சொல்லுச்சு. நான் சும்மா கேட்டுப் பார்த்தேன், "பணம் கட்டறோம்மா". பத்து நிமிஷத்துல பெட் வந்தது. அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோபம் இல்ல, அது சொல்லிக் கொடுத்ததைச் சொல்லுது. ஆஸ்பத்திரிக்காரன் ஏன் அப்படிச் சொல்லிக் கொடுக்கறான்? பில் போட்டு மாசக்கணக்கா பணம் வர்றதில்ல. வந்தாலும் மத்திய அரசு ஊழியர் திட்டத்தோட விலைப்பட்டியல்படிதான் வரும். அந்தப் பட்டியலைப் பெரிய அளவுல 2014ல போட்டது, அடுத்த பெரிய திருத்தம் 2025 அக்டோபர்லதான் வந்தது. 2014ல மல்லாட்டை மூட்டை என்ன விலை, டீசல் என்ன விலை? பதினோரு வருஷம் பழைய விலைக்கு வைத்தியம் பாருன்னா எவன் வாசல்ல வாழைமரம் கட்டி வரவேற்பான்?

பாலிகிளினிக்ல மருந்து ஸ்டாக் இல்லைன்னு எழுதித் தர்றதும் நடக்குது. இது இன்னைக்கு நேத்து கதை இல்ல. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2015லயே இந்தத் திட்டத்தை ஆராய்ஞ்சு மருந்துப் பற்றாக்குறை, பில் கோளாறு எல்லாத்தையும் எழுதி வெச்சார். பணமே ஒதுக்கலைன்னும் சொல்ல முடியாது. 2024-25 பட்ஜெட்ல 6,968 கோடி, 2025-26ல 8,317 கோடி. கேட்க பெரிசா இருக்கு. ஆனா ரிட்டயர் ஆகறவங்க வருஷா வருஷம் கூடறாங்க, இருக்கறவங்களுக்கு வயசு ஏறுது, வியாதி ஏறுது. ஒதுக்கினது பத்தாம பாக்கி நிக்கும், அந்தப் பாக்கிதான் ஆஸ்பத்திரி கவுன்டர்ல "பெட் இல்ல"ன்னு பேசும்.

என் கோபம் இங்கதான். பாக்கி வெச்சவன் டெல்லியில இருக்கான், அவனை நீங்க ஒரு வார்த்தை கேட்கறதில்ல. அப்பாவைப் பார்த்து "கார்டை விடுங்க"ன்னு சொல்றீங்க. கடன்காரனை விட்டுட்டு கடன் கொடுத்தவனை மிரட்டற மாதிரி இருக்கு. ஹவில்தார் அண்ணன் ஒரு நாள் என்கிட்ட சொன்னார், "எனக்கு இதை யாரும் சும்மா குடுக்கல தம்பி. நான் 24 வருஷம் முன்கூட்டியே கட்டிட்டேன்."

ஊர் பள்ளிக்கூடத்துக் கதை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். முதல்ல வாத்தியார் வீட்டுப் பிள்ளை மெட்ரிகுலேஷனுக்குப் போச்சு. அப்புறம் தலைவர் வீட்டுப் பிள்ளை, அப்புறம் கொஞ்சம் காசு இருக்கிறவன் பிள்ளை. கடைசியில கவர்மென்ட் ஸ்கூல்ல மிஞ்சினது யாரோட அப்பன் ஆத்தாவுக்கு மனு எழுதத் தெரியாதோ அவங்க பிள்ளைங்க. ஓடு உடைஞ்சாலும் கேட்க ஆள் இல்ல. ஈ.சி.எச்.எஸ்.லயும் அதைத்தான் செய்யறீங்க. இங்கிலீஷ்ல மெயில் போடத் தெரிஞ்ச, எம்.பி.க்கு டேக் பண்ணத் தெரிஞ்ச மகன் இருக்கிற அப்பாக்களை எல்லாம் பாலிசி பக்கம் கூட்டிக்கிட்டுப் போயிட்டா, வரிசையில மிஞ்சறது சிப்பாய் பொண்டாட்டிகளும் கை நாட்டு வைக்கிற விதவைகளும். அவங்களுக்கு பெட் இல்லைன்னு சொன்னா அது பெங்களூர் வரைக்கும் கேட்காது.

அமெரிக்காவுல பழைய ராணுவத்தாருக்கு அரசாங்கமே தனி ஆஸ்பத்திரி நடத்துது. 2014ல பீனிக்ஸ் ஊர்ல ஒரு ஆஸ்பத்திரியில காத்திருக்கிறவங்க பட்டியலையே மறைச்சு வெச்சிருந்தது வெளிய வந்தது. ஊரே கொதிச்சது. அந்தத் துறை மந்திரி எரிக் ஷின்செகி ராஜினாமா பண்ணிட்டுப் போனார். ரொம்ப நாள் காத்திருக்கணும்னா, இல்ல தூரம்னா, தனியார் டாக்டர்கிட்ட போங்க, பில்லை அரசு கட்டும்னு அதே வருஷம் சட்டம் போட்டாங்க. இங்க ஒரு கீழ்நிலை ஆபீசர் சீட்டாவது ஆட்டம் கண்டிருக்கா?

"ஜெனரல் வார்டுல போய் அப்பாவைப் படுக்க வைக்கிறதா?" இது பையன் சொன்ன இன்னொரு காரணம். ஹவில்தாருக்கு ஜெனரல் வார்டுதான், ஆபீசருக்குத்தான் தனி ரூம், அது உண்மை. உடம்பு முடியாதவங்கள்ல கூட ரேங்க் பார்க்கிறது எனக்கும் பிடிக்கல. ஆனா தம்பி, காஷ்மீர் பனியிலயும் ராஜஸ்தான் மணல்லயும் தார்ப்பாய்க்குக் கீழ படுத்த மனுஷன் அவர். பக்கத்து கட்டில்ல ஆள் இருந்தா அவருக்குப் பேச்சுத் துணை. ஏசி ரூம் உங்க மனசுக்கு வேணும்னா அந்த வித்தியாசத்தை மட்டும் நீங்க கட்டுங்க.

பாலிசியே எடுக்காதீங்கன்னு நான் சொல்லல. கையில மிச்சம் இருந்தா கார்டுக்கு மேல ஒரு துணையா எடுங்க. என்னைக் கேட்டா அந்த அறுபதாயிரத்தை அப்பா அம்மா பேர்ல பேங்க்ல தனியாப் போட்டு வெப்பேன். வெளிய வாங்கற மருந்துக்கு, ராத்திரி காருக்கு, கூட நிக்கிறவன் சாப்பாட்டுக்கு அதுதான் உதவும். எந்தப் பாலிசியும் கொடுக்காத செலவு அது. இன்னொரு எச்சரிக்கை: 70 வயசு ஆனவங்களுக்கு அஞ்சு லட்சம் வரைக்கும் மத்திய அரசோட ஆயுஷ்மான் வய வந்தனா கார்டுன்னு 2024 அக்டோபர்ல வந்திருக்கு. ஈ.சி.எச்.எஸ். இருக்கறவங்க ரெண்டுல ஒண்ணுதான் வெச்சுக்க முடியும். யாரோ முகாம் போட்டாங்கன்னு அப்பாவைக் கூட்டிப் போய் கைரேகை வெச்சுட்டு வந்துடாதீங்க. ஒண்ணுக்கு வரம்பு அஞ்சு லட்சம், இன்னொண்ணுக்கு வரம்பே இல்ல.

பொங்கலுக்கு ஊருக்கு வருவீங்க இல்ல. வந்தா தகரப் பெட்டியைத் திறந்து அப்பாவோட டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பி.பி.ஓ. பேப்பரையும் எடுத்துப் பாருங்க. அதுல அம்மா பேர், பிறந்த தேதி எப்படி இருக்கு, ஆதார்ல எப்படி இருக்குன்னு ஒப்பிடுங்க. அம்மா பேரே அதுல ஏறாத வீடுகள் கூட இருக்கு. அப்பா இருக்கும்போது திருத்தறது ஒரு மாச வேலை, அவர் போன பிறகு அம்மா தனியா அலையறது வருஷக்கணக்கு. விழுப்புரத்துல முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கு, வேற ஊர்னா உங்க மாவட்டத்தைப் பார்க்கிற அலுவலகம் எதுன்னு விசாரிச்சு அங்க கேட்டா வழி சொல்வாங்க. கார்டு பழசா புதுசான்னு பாருங்க. ராத்திரி அவசரத்துக்கு பாலிகிளினிக் சீட்டு இல்லாமலே ஒப்பந்த ஆஸ்பத்திரியில சேர்க்கலாம். ஒப்பந்தம் இல்லாத ஆஸ்பத்திரியில சேர்க்க வேண்டி வந்தா 48 மணி நேரத்துக்குள்ள பக்கத்து பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லணும். இந்த ரெண்டையும் ஒரு பேப்பர்ல பெரிய எழுத்துல எழுதி, பாலிகிளினிக் போன் நம்பரோட காலண்டர் பக்கத்துல ஒட்டிட்டு வாங்க. அவசரத்துல அப்பாவுக்கும் ஞாபகம் வராது, அம்மாவுக்கும் ஞாபகம் வராது.

அடுத்த தடவை எந்த ஆஸ்பத்திரியாவது கார்டைப் பார்த்து பெட் இல்லைன்னு சொன்னா, தேதி, நேரம், சொன்னவங்க பேர் குறிச்சுக்கிட்டு மத்திய அரசோட குறைதீர் தளத்துல புகார் பதிவு பண்ணுங்க. அதோட நகலை உங்க எம்.பி.க்கும் அனுப்புங்க. இங்கிலீஷ்ல நல்லா எழுத உங்களுக்குத்தானே தெரியும். ஹவில்தார் அண்ணனுக்காக நானும் ஒண்ணு தமிழ்ல எழுதி வெச்சிருக்கேன். அதை யாராவது மொழிபெயர்த்துக் கொடுத்தா இந்த வாரமே அனுப்பிடுவேன்.